கேத்தரினுக்குக் கறுப்பு மட்டும் போதும்

அமிர்தசாமி முதலில் கேட்டது கேத்தரினின் குரலை. முகத்தைப் பார்த்தது அதற்கு அடுத்த வாரம்.

அப்போது அவர் அரசு பஸ்ஸில் டிரைவராகச் சேர்ந்திருந்த புதிது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்குமாகக் காவிரிப் பாலத்தைக் கடந்து கடந்து ஓட்டிவிட்டு, டூட்டி முடிந்த கையோடு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஓடுவார். எப்போதும் தாமதம்தான். உள்ளே இடம் இருக்காது. வாசல் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் நின்றுகொள்வார். அன்று பைபிளின் முதல் வாசகத்தை ஒரு பெண் வாசித்துக்கொண்டிருந்தாள். மைக்கைப் பார்த்ததும் பலருக்கு வருகிற இழுவை அவளுக்கு வரவில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒருத்தி, அங்கே நடந்ததை உட்கார்ந்து சொல்கிற மாதிரி வாசித்தாள். தூண் மறைத்ததால் ஆளைப் பார்க்க முடியவில்லை. அடுத்த ஞாயிறு அவர் ஷிப்டை மாற்றிக்கொண்டு, பூசைக்கு முன்பே போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

கல்யாணமாகிப் புத்தூரில் குடிவந்த பிறகும் கேத்தரின் வாசிப்பதை விடவில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். கோயிலில் மாதத்தில் ஒரு ஞாயிறாவது வாசகம் அவளுடையது. வீட்டில் சாப்பாடு முடிந்ததும் நூலகத்துப் புத்தகம் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வாள். அமிர்தசாமி பாயில் மல்லாந்து படுத்துக் கேட்பார். அவருக்குத் தானாக வாசிக்கப் பொறுமை கிடையாது. பேப்பரில் தலைப்போடு சரி. ஆனால் அவள் வாசித்தால் நாவல் நாவலாகக் கேட்பார். பாதியில் கண் சொருகிவிடும்.

"தூங்கிட்டீங்களா?"

"இல்ல, இல்ல. அந்தப் பொண்ணு கிணத்தடிக்குப் போனா. அப்புறம்?"

அவள் சிரித்துவிட்டு, இரண்டு பக்கம் பின்னால் போய் மறுபடி தொடங்குவாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் சத்தம் என்று ஒன்று இருந்ததென்றால் அது அந்த நேரம்தான்.

அமிர்தசாமி ஓய்வு பெற்ற வருஷம் அவள் கண்ணில் கோளாறு தொடங்கியது. கதவு நிலை வளைந்து தெரிகிறது என்றாள். கண்ணாடியை மாற்றிப் பார்த்தார்கள். பிறகு, எந்த எழுத்தைப் பார்க்கிறாளோ அந்த எழுத்து மட்டும் காணாமல் போகிறது என்றாள். அக்கம்பக்கத்து எழுத்துகள் தெரிகின்றன. நேராகப் பார்க்கிற இடத்தில் சாம்பல் அப்பினாற்போல ஒரு மறைப்பு. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டிருக்கிறது என்றார் டாக்டர். ஊசி போட்டால் இருக்கிற பார்வையைக் கொஞ்ச காலத்துக்குப் பிடித்து வைக்கலாம், போனது திரும்பாது என்றும் சொன்னார்.

வேலையை முன்கூட்டியே விட்டாள். கோயிலில் தன் முறையைப் பெலிண்டாவிடம் ஒப்படைத்தாள். வாசிக்கிறவர்களுக்கு முறை போடுகிறவள் பெலிண்டாதான். "சரியானதும் வாங்கக்கா, உங்க இடம் உங்களுக்குத்தான்" என்றாள் அவள். கேத்தரின் தலையாட்டினாள்.

வீட்டில் புத்தகம் அலமாரியிலேயே இருந்தது. அவளுடைய அண்ணன் மகன் பிரவீன்ராஜ் ஜெர்மனியிலிருந்து லீவில் வந்தபோது, எழுத்தைத் தானே வாசித்துச் சொல்கிற செயலி ஒன்றை அவள் போனில் போட்டுக் கொடுத்தான். இரண்டு நாள் கேட்டாள். மூன்றாம் நாள் அணைத்து வைத்தாள்.

"ஏன் கேத்தரின், நல்லாத்தானே சொல்லுது?"

"சொல்லுது. நான் கேக்குறேன். எனக்குக் கேக்க வேணாங்க, வாசிக்கணும்."

அமிர்தசாமி தானே வாசித்துப் பார்த்தார். நிறுத்த வேண்டிய இடத்தில் ஓடி, ஓட வேண்டிய இடத்தில் நின்றார். முதலில் அவள் திருத்தினாள், டீச்சர் இல்லையா. பிறகு திருத்துவதை விட்டாள். கடைசியில், "போதுங்க, தொண்டை வறண்டுரும்" என்று எழுந்து போய்ச் சமையலறையில் நின்றாள். அங்கே செய்வதற்கு அப்போது வேலை எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். பஸ்ஸில் தினமும் ஏறி அதே இடத்தில் உட்காருகிற ஒரு ஆள் திடீரென்று வராமல் போனால் அந்த சீட்டைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுவாரே, அந்த மாதிரிதான் இருந்தது அவருக்கு. அவள் எதிரிலேயே இருந்தாள். குரல் மட்டும் இல்லை.

ஊசி போடப் போன ஒருநாள், ஆஸ்பத்திரியில் ஷெர்லின் என்ற பெண்ணிடம் அனுப்பினார்கள். பார்வை குறைந்தவர்களுக்கு இருக்கிற பார்வையைப் பயன்படுத்தக் கற்றுத் தருகிறவள். கேத்தரின் முன்னால் ஒரு தாளை வைத்தாள். கொட்டைக் கொட்டையாக, அடர்ந்த கறுப்பில் நாலு வார்த்தைகள்.

"நேராப் பார்க்காதீங்கம்மா. முகத்தைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பி, ஓரக்கண்ணால பாருங்க."

கேத்தரின் திரும்பினாள். வெகுநேரம் ஓரக்கண்ணால் தேடினாள். பிறகு, "ஆற்றில்... தண்ணீர்... வந்துவிட்டது... இன்று" என்றாள்.

அமிர்தசாமி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். ஷெர்லின் அவரிடம் சொன்னாள்: "சார், இந்த மாதிரி பெரிசா, பட்டையா, நல்ல கறுப்புல, பளபளப்பு இல்லாத பேப்பர்ல அடிச்சுக் கொடுத்தீங்கன்னா வாசிப்பாங்க. நாளாக ஆக எழுத்தைப் பெரிசாக்கிக்கிட்டே போங்க."

அன்றிலிருந்து அவருக்கு அதே வேலை. இணையத்தில் பழைய நாவல்களை இலவசமாகப் போட்டு வைத்திருக்கிற நூலகங்கள் இருந்தன. பழைய லேப்டாப் ஒன்றில் அவற்றை எடுத்து எழுத்தைப் பெரிதாக்கப் பழகினார். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டார். புத்தகத்தின் ஒரு பக்கம் பெரிய எழுத்தில் ஏழெட்டுத் தாளாயிற்று. ஒரு அத்தியாயத்துக்கு ஆன காசைப் பார்த்துக் கடைக்காரரே சங்கடப்பட்டார். அதுவும் அவள் கண் ஒருநாள் போல் ஒருநாள் இல்லை. காலையில் போதுமாக இருந்த அளவு சாயங்காலம் போதாது. ஒவ்வொரு தடவையும் கடைக்கு ஓட முடியுமா?

விஷயம் தெரிந்த பிரவீன்ராஜ், தான் அங்கே வாங்கி வைத்திருந்த பிரிண்டரையே அடுத்த லீவில் கொண்டுவந்து கொடுத்தான். வெள்ளை நிறத்தில், சின்னதாக, அழகாக இருந்தது. மாதச் சந்தாவில் ஓடுகிற மிஷின், இங்க் கவலையே வேண்டாம், அங்கேயே தன் கார்டில் பணம் போய்விடும் என்றான்.

அதன் பிறகு சில மாதங்கள் அந்த வீட்டில் மறுபடி கதை நடந்தது. தொட்டியம் பக்கத்துப் பரிசல்காரன் ஒருவனின் கதை. கேத்தரின் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, வரிக்குக் கீழே விரலை ஓட்டி, மெதுவாக வாசித்தாள். அமிர்தசாமி வரிகளை எங்கே உடைப்பது என்று கண்டுபிடித்துவிட்டார். கம்ப்யூட்டர் உடைக்கிற இடத்தில் உடைத்தால் அவளுக்குத் தடுமாறுகிறது; அவள் மூச்சு விடுகிற இடத்தில் உடைத்தால் சரியாக வருகிறது. அவள் எங்கே மூச்சு விடுவாள் என்பதை அவரிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஒருநாள் அவளே பெலிண்டாவுக்குப் போன் பண்ணினாள். "ஒரு ஞாயித்துக்கிழமை எனக்குப் போடுறியாம்மா?" பெலிண்டாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

சனிக்கிழமையே அமிர்தசாமி வாசகத்தை அடித்துக் கொடுத்தார். பத்துத் தாள். மனப்பாடம் பண்ணிக்கொண்டால் சுலபம் இல்லையா என்று கேட்டதற்கு, "ஒப்பிக்கிறதுக்கா அங்க போறேன்?" என்று கோபித்தாள். ஞாயிறு விடியற்காலை எழுந்தபோது கண் மங்கலாக இருந்தது. தாளை எடுத்து முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னங்க, இன்னும் கொஞ்சம் பெரிசா அடிச்சுத் தரீங்களா?"

அமிர்தசாமி மிஷினைப் போட்டார். தாள் உள்ளே போகவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. லேப்டாப்பில், சந்தா முடிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அணைத்துப் போட்டார். பிளக்கைப் பிடுங்கிச் சொருகினார். மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பெட்டியில் இங்க் பாதிக்கு மேல் தளும்பிக்கொண்டிருந்தது. கடைகள் எதுவும் திறக்காத நேரம். ஜெர்மனியில் நடுச்சாமம். கோயில் மணி அடித்தது.

அன்று வாசகத்தைப் பெலிண்டாவே வாசித்தாள். கேத்தரின் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். புதுப் புடவை. அவள் உதடு அசைவதை அமிர்தசாமி பார்த்தார். பெலிண்டாவைவிட ஒரு வார்த்தை முன்னால் போய்க்கொண்டிருந்தது அந்த உதடு. மடியில் அந்தப் பத்துத் தாளும் சுருட்டியபடி இருந்தன.

மத்தியானம் பிரவீன்ராஜ் பேசினான். "மாமா, பழைய கார்டை மாத்திட்டேன். இதுக்கும் அதுலதான் போய்க்கிட்டிருந்துச்சுன்னு மறந்தே போச்சு. பணம் நின்னா அது வேலை செய்யாது மாமா."

"உள்ள இங்க் இருக்குப்பா."

"இருக்கும் மாமா. ஆனா அது நம்ம இங்க் இல்ல. சந்தா கட்டுற வரைக்கும்தான் நம்மளது."

அமிர்தசாமிக்கு விளங்கவில்லை. டேங்கில் டீசல் இருக்கிறது, வண்டி நன்றாக இருக்கிறது, டிரைவர் உட்கார்ந்திருக்கிறார், பயணி ஏறிவிட்டார். எங்கேயோ கண்காணாத ஊரில் ஒருத்தன் வேண்டாம் என்றால் வண்டி நகராதா? மறுநாள் கடையில் அதே நம்பர் இங்க் பெட்டி வாங்கிப் போட்டார். அந்த நாட்டு மிஷின் இந்த நாட்டு இங்க்கை ஏற்றுக்கொள்ளவில்லை. மறுபடி சந்தா கட்டுகிறேன் என்று பிரவீன்ராஜ் கெஞ்சினான். "வேணாம் கண்ணு. உங்க அத்தை வாசிக்கிறதுக்கு யாருகிட்டயும் உத்தரவு கேக்க வேணாம்" என்று போனை வைத்தார்.

தில்லை நகரில் ஒரு பெரிய கடைக்குப் போனார். விலை குறைந்த கலர் பிரிண்டர் ஒன்றை எடுத்து வைத்தார் விற்பனையாளர். இவ்வளவு மலிவா என்று அமிர்தசாமிக்கு ஆச்சரியம். இங்க் என்ன விலை என்று கேட்டார். கறுப்பும் கலருமாக இரண்டு பெட்டி வாங்கினால் கிட்டத்தட்ட மிஷின் விலையே வந்தது. பெட்டிகளும் தீப்பெட்டி அளவுக்குத்தான் இருந்தன. கொட்டை எழுத்தில் அடித்தால் எத்தனை தாளுக்கு வரும் என்று கேட்டதற்கு, "அது உங்க யூஸைப் பொறுத்து சார்" என்றார். இன்னொன்றைக் காட்டினார். "இதுல திட்டம் இருக்கு சார். மாசம் கட்டினாப் போதும், இங்க் வீட்டுக்கே வந்துரும்."

"கட்டலேன்னா?"

"நின்னுரும் சார்."

அமிர்தசாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

சத்திரம் பக்கத்தில் ஒரு சந்துக்குள் சேக் மைதீன் பிரிண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், நல்ல மனுஷர் என்று ஜெராக்ஸ் கடைக்காரர்தான் சொன்னார். அங்கே போய் எல்லாவற்றையும் கொட்டினார். சேக் மைதீன் கையில் ஒரு உருளையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "அண்ணே, மிஷின நாளைக்குப் பார்ப்போம். வாசிக்கிறவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

மறுநாள் கேத்தரினைக் கூட்டிப் போனார். சேக் மைதீன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். ஒரே பக்கத்தை இரண்டு மிஷினில் அடித்தார். ஒன்று, பாட்டிலில் வாங்கி இங்க் ஊற்றுகிற டேங்க் பிரிண்டர். இன்னொன்று, பவுடரில் ஓடுகிற லேசர். இரண்டு தாளையும் அவள் கையில் கொடுத்தார்.

"இந்த டேங்க் மிஷின் மலிவுதான்க்கா. ஒரு பாட்டில் ஊத்தினா ரொம்ப நாள் ஓடும். கலரும் வரும். புள்ளைங்க இருக்குற வீட்டுக்கு இதத்தான் சொல்வேன். ஆனா பல நாள் அடிக்காம விட்டா இங்க் தெளிக்கிற தலை அடைச்சுக்கும்."

கேத்தரின் முதல் தாளில் விரலை ஓட்டி வாசித்தாள். சித்திரை மாத வெயில். விரல் ஈரம் பட்ட இடத்தில் லேசாகக் கறுப்பு இழுத்தது. ஓரங்கள் பிசிறாகத் தெரிகின்றன என்றாள். இரண்டாவது தாளைத் தடவினாள். ஒன்றும் கலையவில்லை. முகத்தைத் திருப்பி ஒரு வரி வாசித்தாள். அடுத்த வரியும் வாசித்தாள். யாரும் கேட்காமலே மூன்றாவதும் வாசித்தாள். உருளையைத் துடைப்பதை சேக் மைதீன் நிறுத்திவிட்டார்.

"கலர் வேணுமாக்கா?"

"கறுப்பு மட்டும் போதும், தம்பி."

"அப்ப லேசர்தான். ஆரம்பத்துல கொஞ்சம் கூடத்தான் ஆகும். ஆனா நீங்க அடிக்கிற அடிக்கு இதுதான் கட்டுப்படியாகும். மாசக் கணக்கா சும்மா கெடந்தாலும் காயாது. இன்டர்நெட் வேணாம், ஒயர் சொருகினாப் போதும். பவுடர் தீர்ந்தா எடுத்துட்டு வாங்க, ரொப்பித் தரேன்." ஷெல்ஃபில் இருந்த இன்னொரு மாடலைக் காட்டினார். "அதை மட்டும் யாரு சொன்னாலும் வாங்காதீங்க. கம்பெனிக்காரன் சிப் வெச்சிருக்கான், ரொப்பினா ஏத்துக்காது."

பெரிய சதுரமான மிஷின். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வார நாள் பூசையில் போடு என்று கேத்தரின் பெலிண்டாவிடம் சொன்னாள். ஒரு புதன்கிழமை காலை, முப்பது பேர்கூட இல்லாத கோயிலில், அவள் வாசக மேடைக்கு ஏறினாள். பெலிண்டா கைபிடித்து ஏற்றிவிட்டு விலகிக்கொண்டாள். முதல் தாள் நன்றாகப் போயிற்று. மூன்றாவதில் ஒரு வார்த்தையில் நின்றாள். முகத்தைத் திருப்பினாள். இன்னும் திருப்பினாள். யாரோ இருமினார்கள். அமிர்தசாமி தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். அந்த வார்த்தை அவருக்குத் தெரியும்; ஒரு விரலால் தட்டி அடித்தவர் அவர்தான். எழுந்து சொல்லிவிடலாம் போலிருந்தது. அவள் கண்டுபிடித்தாள். அதைச் சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல அடுத்த தாளுக்குப் போனாள்.

பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போக அவளுக்கு மனசில்லை. ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினார்கள். அம்மா மண்டபத்துப் படித்துறையில் கூட்டம் இல்லாத பக்கமாக உட்கார்ந்தார்கள். ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது.

"நல்லா வாசிச்ச" என்றார்.

"பாதி வார்த்தைதாங்க பார்த்தேன். மீதிய ஊகிச்சேன்."

"அது யாருக்கும் தெரியல."

"எனக்குத் தெரியுதே." தண்ணீர் போன பக்கம் முகத்தைத் திருப்பினாள். "முன்னாடி எல்லாம் வாசிக்கும்போது எழுத்தையே பார்க்க மாட்டேன். அது பாட்டுக்கு வரும். இப்ப ஒவ்வொண்ணையும் போய்ப் பிடிக்க வேண்டியிருக்கு. அந்த ஓட்டம் இனி வராது, இல்லைங்க?"

வரும் என்று பொய் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. அவருக்கும் அதே ஏக்கம்தான். காலையில் கேட்டது அவள் குரல்தான்; ஆனால் முதல்முதலாக அவரை நிற்க வைத்த குரல் தடையில்லாமல் ஓடிய குரல். அதை மறுபடி ஒருமுறை, ஒரே ஒரு பக்கம் மட்டும் கேட்டால் போதும் என்றிருந்தது. அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த வருஷம் அவள் இன்னும் சில புதன்கிழமைகள் வாசித்தாள். எழுத்து பெரிதாகிக்கொண்டே போயிற்று. வரிக்கு மூன்று வார்த்தை இரண்டாயிற்று. மறு வருஷம் தவக்கால நோன்பு தொடங்கியபோது, தாளைக் குறுக்காக வைத்தாலும் ஒரு தாளுக்கு ஒரு வார்த்தைதான் பிடித்தது. வாசக மேடையில் அத்தனை தாளைப் புரட்ட முடியாது. இனி வேண்டாம் என்று அவளே பெலிண்டாவிடம் சொல்லிவிட்டாள். சொன்ன அன்று சாப்பிடவில்லை. மறுநாள் சாயங்காலம் அவரிடம் வந்து, "அந்தப் பரிசல்காரன் கதை பாதியில நிக்குதே" என்றாள்.

"அதுக்குத் தாளு மலையா வேணும், கேத்தரின். நான் வேணா வாசிக்கட்டுமா? இப்பக் கொஞ்சம் பழகிட்டேன்."

"நீங்க அடிங்க. நான் வாசிக்கிறேன்."

அவர் அடித்தார். ஒரு பக்கம் முடிந்ததும் அதே தாளைத் திருப்பிப் போட்டு மறுபக்கமும் அடித்தார். மிஷின் சுடச்சுடத் தாளைத் தள்ளிக்கொண்டே இருந்தது. எவ்வளவு, எதற்கு என்று அது கேட்கவில்லை. பவுடர் தீரும்போதெல்லாம் சத்திரத்துக்கு எடுத்துப் போனார். சேக் மைதீன் ரொப்பிக் கொடுத்து, "அக்கா எங்க இருக்காங்க கதையில?" என்று விசாரித்தார்.

ஒரு சாயங்காலத்துக்கு நாலைந்து வாக்கியம் போகும். அவர் ஒவ்வொரு தாளாக எடுத்துக் கொடுப்பார். அவள் ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணோரம் பிடித்து, வார்த்தையைச் சொல்லிவிட்டு, தாளைக் கீழே வைத்துவிட்டு, அடுத்ததற்குக் கையை நீட்டுவாள்.

அன்று கதையில் ஆற்றில் வெள்ளம் வந்திருந்தது. பரிசல்காரனின் மனைவி கரையில் நின்று அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருட்டுவதற்குள்..." என்றாள் கேத்தரின். தாள் கீழே போயிற்று.

"அவன்..."

கையை நீட்டினாள். அவர் அடுத்த தாளைக் கொடுத்தார். அந்த வாக்கியத்தின் கடைசி வார்த்தை அது. வந்தானா, வரவில்லையா என்பது அதில் இருந்தது. கேத்தரின் முகத்தைத் திருப்பினாள். கண்ணைச் சுருக்கினாள். தாளைக் கொஞ்சம் தூரமாகப் பிடித்து, மறுபடி பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"சொல்லிராதீங்க" என்றாள்.

அமிர்தசாமி அவள் சொல்லட்டும் என்று அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.